பூட்டிய அலமாரி

"ரபி, பக்கத்து வீட்டு மன்சூர் என் வீட்டுக்குள்ள புகுந்து திருடிட்டான்," என்றபடி மூச்சிரைக்க வந்து நின்றார் ஹுவாத்தி.

"என்னத்தைத் திருடினான்?" யூத மதகுருவான ரபி கல்ஃபோன் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அலமாரியில பூட்டி வெச்சிருந்த பிஸ்கட் டின் ரெண்டு. பட்டப்பகல்ல, என் பெண்டாட்டி கண்ணு முன்னாடியே. போலீசுக்குப் போறேன். நீங்க சாட்சிக்கு வரணும்."

"பூட்டை உடைச்சானா?"

"இல்ல, சாவி போட்டுத் திறந்தான். சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"அவன்கிட்ட கொடுத்துட்டேன். வாங்கினவனுக்குச் சாவி கொடுக்காம இருக்க முடியுமா? பாஸ்கா பண்டிகை எட்டு நாளும் மாவுப் பண்டம் யூதங்க நமக்குச் சொந்தமா இருக்கக் கூடாதுன்னு, எல்லாத்தையும் முஸ்லிமான அவனுக்கு வித்துக் கையெழுத்துப் போட்டது யாரு?"

ஹுவாத்தியின் குரல் இறங்கியது.

"அது வருஷா வருஷம் போடுறதுதானே ரபி? பண்டிகை முடிஞ்சதும் நாமளே திரும்ப வாங்கிக்குவோம். முப்பது வருஷமா ஒருத்தனும் வந்து எடுத்ததில்லையே?"

"இந்த வருஷம் அவன் பொண்ணு டூனிஸ்லேருந்து பிள்ளைங்களோட வந்திருக்கா. முதல்ல நான் அவனுக்கு வித்த என் வீட்டு அலமாரியைத் திறக்கத்தான் வந்தான்."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"உன் பெண்டாட்டி சுடுற பிஸ்கட்தான் ஊர்லயே ஒசத்தின்னு சொல்லி அனுப்பி வெச்சேன்."