அரபிக்கடல் வாக்காளர்கள்

கைப்பேசி தொண்ணூறு இரவுகள் எங்கே தங்குகிறதோ, அதுதான் அதன் சொந்தக்காரரின் முகவரி என்பது தேர்தல் ஆணையத்தின் புது விதி. வாக்காளர் பட்டியல் தானாகவே அப்படித் திருத்திக்கொண்டதில், குமரிக்கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு மீனவர்களின் முகவரி ‘அரபிக்கடல்’ என்று மாறிப்போனது. ஊரில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

“ஒவ்வொருவரும் நேரில் வந்து திருத்தட்டும்,” என்றார் தேர்தல் அதிகாரி.

வலையைப் போட்டுவிட்டு எவன் கரைக்கு வருவான்? மீன் விற்கும் பெண்களின் சங்கத் தலைவி மெட்டில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கணவன் கிளிட்டசும் கடலில்தான் இருந்தான்.

“திருத்த வேண்டாம் சார். கடல்தான் வீடுன்னா கடலாவே இருக்கட்டும். வீட்டுலேருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள பூத் வைக்கணும்னு ஒங்க சட்டமே சொல்லுதுல்ல? கொண்டு வைங்க.”

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே சங்கம் வழக்குப் போட்டது; பெண்கள் மீன்கூடைகளோடு அவர் அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். நாற்பது நாளில் நாற்றம் மூன்றாவது மாடிவரை ஏறியது. நாற்பத்தோராம் நாள், கடலிலேயே பூத் வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வாக்குப்பதிவன்று சங்கத்து வயர்லெஸ்ஸைச் சுற்றி ஊரே நின்றது. மாலையில் கிளிட்டசின் குரல் இரைச்சலோடு வந்தது.

“மெட்டில்டா! முந்நூத்திப் பன்னெண்டு பேரும் போட்டாச்சு! ஒருத்தன் பாக்கியில்ல!”

பெண்களின் கூச்சலில் கூரை அதிர்ந்தது.

“எங்கள நேருல வரச் சொன்னாருல்ல, பூத் படகுல வந்த அந்த அதிகாரிதான் வாந்தி எடுத்துச் சுருண்டு கெடக்காரு.”

“கஞ்சி குடுத்து நல்லா கவனிங்க,” என்றாள் மெட்டில்டா. “அடுத்த எலெக்‌ஷனுக்கும் அவருதான் வரணும்.”