பதினான்காவது மொராவா

தோர்கின் வணக்கம் சொன்னதோடு சரி. உடனே பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துவிட்டாள்.

கைரொல்லாவின் கார் ஷெட்டில், மேசைமேல் அவர் விற்க விளம்பரம் செய்திருந்த பேஸ் கிட்டார் கிடந்தது. பெயர்ப்பட்டை உதிர்ந்து பல வருஷம் இருக்கும். உடல் முழுக்க நீலக் கார்ப் பெயின்ட்.

"செக்கோஸ்லோவாக்கியா சரக்கு," என்றார் கைரொல்லா. "தாமிர ஆலைக் கலையரங்கத்துல பதினஞ்சு வருஷம் வாசிச்சேன். பெயின்ட் நான் அடிச்சதுதான். அறுபதாயிரம் டெங்கே. ஒரு டெங்கே குறைக்க மாட்டேன்."

அவளிடம் இருந்ததும் அறுபதாயிரம்தான்.

இதுவரை வாசித்தது இரவல் கிட்டார். உடையவன் வந்து வாங்கிப் போய்விட்டான். சனிக்கிழமை காரகாந்தாவில் ஒரு கல்யாணக் கச்சேரி. கிட்டார் இல்லாமல் போனால் அவள் இடத்தில் நிற்க இசைக்குழுத் தலைவனின் மச்சான் தயாராக இருந்தான்.

"நீயா வாசிக்கப் போற? உன்னைவிட அது உசரமா இருக்கே பாப்பா."

அவள் நாடாவை விரித்தாள். கூச்சமெல்லாம் அவளுக்கு வாயில்தான். கைகளுக்கு அது கிடையாது.

மொராவா என்ற பெயரில் மூன்று மாடல்கள் வந்தன. விளம்பரத்துப் புகைப்படத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். நேரில் வந்தால்தான் தெரியும்.

தலைப்பக்கத்துக் கட்டையிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பி வரை அளந்தாள். நானூற்று முப்பத்திரண்டு மில்லிமீட்டர். மாணவர்களுக்கான குட்டை மாடல் இல்லை.

மிச்சம் இரண்டு.

அவள் இயற்பியல் படித்தவள். காதை நம்புவதற்கு முன் மீட்டரை நம்புவாள். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வரும் ஒயரில் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தாள். பதினொன்று புள்ளி இரண்டு கிலோ ஓம். பிந்தைய மாடலில் ஏழைத் தாண்டாது.

தெரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

"ஐயா, கழுத்தைக் கழட்டணும்."

"ஏம்மா, அதென்ன கோழியா?"

தேநீரும் பொரித்த ரொட்டியும் கொண்டுவந்த அவர் மனைவி சிரித்துவிட்டாள். "கழட்டட்டும் விடுங்க. நீங்க மட்டும் பல்லைப் பாக்காமயா ஆடு வாங்கறீங்க?"

தந்திகளைத் தளர்த்தினாள். நான்கு திருகுகளையும் எடுத்தாள். கழுத்து கையோடு வந்தது.

அடிக்கட்டையில் மங்கிய கறுப்பு முத்திரை. அறுபத்தெட்டு, மார்ச். எண் பதினான்கு.

கைரொல்லா ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை. மறுபடி மூடித் திருகிவிட்டுப் பணத்தை நீட்டியிருக்கலாம்.

"ஐயா, இது சாதா மொராவா இல்ல. முதல் மாடல். மொத்தமே இருநூறுதான் செஞ்சாங்க. அல்மாட்டியில ஆறு லட்சம் குடுப்பாங்க."

அவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். முத்திரையைத் தானே பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாலு டயரும் மாத்திடலாம்டி," என்றார் மனைவியிடம். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார், விளம்பரத்தில் விலையை மாற்ற. பிறகு இவளைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டார். "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இப்ப உன்னுது."

"ஆமா," என்றாள் தோர்கின்.

தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தாள்.

"எங்க அம்மாவோட அப்பா முகாஷ். அவர் அப்பா பெக்கென். பெக்கெனோட அப்பா ஷோமான்."

கைரொல்லாவின் கட்டைவிரல் போனின்மேல் அப்படியே நின்றது. ஷோமான் அவருடைய கொள்ளுத்தாத்தா.

"ஷோமானோட அப்பா?" என்றார். இப்போது சோதிப்பது அவர் முறை.

"ஜக்கிப்."

"ஜக்கிப்போட அப்பா?"

"பைதாலி. அவருக்கு ரெண்டு பெண்டாட்டி. நாம மூத்தவ வழி."

மனைவி பக்கத்திலிருந்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பது வருஷத்துக்கு முன்ன அக்தாவுக்கு ரயில் ஏறினாளே, எனக்குத் தங்கச்சி முறை, குலியாஷ்," என்றார் கைரொல்லா மெதுவாக. "அவ மகளா நீ?"

"விளம்பரத்துல உங்க பேரைப் பாத்ததுமே அம்மா சொல்லிட்டாங்க, மாமா. இந்தக் கிட்டாரை எனக்குக் குடுங்க."

அவர்கள் வழக்கத்தில், அக்காள் தங்கை பிள்ளை வாய்விட்டு ஒன்றை இனாமாகக் கேட்டால் மாமன் இல்லை என்று சொல்வதில்லை. சொன்னவனின் கை நடுங்கும் என்பார்கள். ஆயுளுக்கு மூன்று முறை அந்த உரிமை.

கைரொல்லா தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"வாசல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஏதோ அறுபதாயிரம் போச்சுன்னு சிரிச்சிக்கிட்டே குடுத்திருப்பேன்ல?"

தோர்கின் கழுத்தை உடலில் பொருத்தி, நான்காவது திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாடல்னு தெரியாம எப்படி மாமா கேக்கறது? மூணு தடவைதானே கேக்கலாம்."

கைரொல்லா மனைவி பக்கம் திரும்பினார்.

"எழுந்திரு. வீட்ல இருக்கற நல்ல சாமானையெல்லாம் எடுத்து உள்ள வை. மருமக வந்திருக்கா. அவளுக்கு இன்னும் ரெண்டு தடவை இருக்கு."