ஜெனிட்டன் வராத ஃபிரேம்

மரியசெல்வி பார்த்துப் பார்த்து வாங்கிய டிஜிட்டல் ஃபோட்டோ ஃபிரேமில் எல்லாப் படமும் வந்தது. கடலில் இறந்துபோன மகன் ஜெனிட்டனின் படம் மட்டும் இரண்டு நாளில் வராமல் போய்விட்டது. ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"பாக்கும்போது அழுதீங்களாம்மா? இதுல கேமரா இருக்கு, பாக்குறவங்க முகத்தைக் கவனிக்கும். அழ வைக்கிற படத்தை அதுவே நீக்கிரும். இப்ப வர்ற ஃபிரேம் எல்லாமே அப்படித்தான்," என்றார் கடைக்காரர்.

"எம்புள்ளைய நெனச்சு நான் அழக்கூடாதுன்னு சொல்ல இது யாரு?"

"திரும்பப் போட்டுத் தாரேன். அழாமப் பாருங்க, படம் போகாது."

வீட்டில் மகன் முகம் திரையில் வந்ததும் கணவர் அந்தோணி விம்மத் தொடங்கினார். மரியசெல்வி பதறிப்போய் அவர் முகத்தைத் தன் தோளில் அழுத்தி மறைத்துக்கொண்டாள். பிறகு, ஆத்திரத்தில் உதடு துடிக்க, அந்த ஃபிரேமைப் பார்த்துச் சிரித்தாள்.