நாற்பது சொற்கள்

“இது என்ன, பிள்ளை?” அதிகாரி ஒரு ரொட்டியைத் தூக்கிக் காட்டினார்.

“பாண்” என்றாள் உலகம்மாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “பாண்! போர்த்துக்கீசன் விட்டுட்டுப் போன சொல்லு. சிங்களவரும் பாண் எண்டுதான் சொல்லுவினம். கடலைத் தாண்டி இங்க வந்தா அதுவே ரொட்டியாகிடும்.”

ஏதோ பள்ளிக்கூடப் பரீட்சை என்று நினைத்துவிட வேண்டாம். 1955, ஆடி மாதம். ராமேஸ்வரம் தீவில், இலங்கைக்குக் கப்பலேறுகிறவர்களை அந்நாட்டு அதிகாரிகள் விசாரிக்கிற ஒரு தகரக் கொட்டகை. பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடி வந்துவிட்ட காலம். அக்கரையில் பிறந்தவர்கள் வீடு திரும்பலாம். இக்கரைக்காரர்கள் புதிதாகப் போவது குதிரைக்கொம்பு.

உலகம்மாளுக்கு அது ரொட்டிதான். அவள் பிறந்தது பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். மன்னாரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. புருஷன் கூத்தையாவுக்குப் பத்து வருஷமாக மன்னாரில் ஒரு கடையில் வேலை. இப்போது நெஞ்சுச் சளி முற்றி, அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மூன்று முறை மனுப் போட்டும் அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவன் மூச்சு நிற்பதற்குள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

அதற்காகத்தான் இந்த வேஷம். திருப்பாலைக்குடி வாவு முகம்மது கொழும்பில் கடை வைத்திருந்தவர். பதினைந்து நாள் உட்கார வைத்து நாற்பது சொற்களை அவள் வாயில் ஏற்றினார். “ஆடி அமாவாசைக்கு மன்னார்லருந்து தீர்த்தமாட வந்தேன், குளிக்கையில பை களவு போச்சுன்னு சொல்லுத்தா. காகிதம் இல்லாட்டி அவுக நாக்கத்தான் பாப்பாக” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதிகாரி ஒரு சாவியை எடுத்து ஆட்டினார்.

“திறப்பு.”

“நாங்கள் இருக்கிற இந்த இடம்?”

“கந்தோர்.”

“அது ஒல்லாந்தன்ர சொல்லு, டச்சுக்காரன் ஆபீசை அப்பிடித்தான் சொல்லுவான். சிங்களத்தில கந்தோருவ.” சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். “அது?”

“ஜன்னல்.”

“அதுவும் போர்த்துக்கீசன்தான். சிங்களத்தில ஜனேலய. ஆனா ரெண்டு கரையிலயும் இருக்கிற சொல்லு, ஆளைப் பிடிக்க உதவாது” என்று சொல்லிச் சிரித்தார்.

மனிதருக்குச் சொற்கள் மேல் அப்படி ஒரு பைத்தியம். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள் அல்லவா, அதுபோல. எந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்து இறங்கியது என்று சொல்லும்போது அவருக்கு வாயூறியது. மூலையில் குமாஸ்தா பூமிநாதன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தார்.

நாற்பதில் முப்பத்தொன்றைக் கேட்டுவிட்டார். ஒன்றில்கூட உலகம்மாளின் நாக்குத் தடுமாறவில்லை.

“நல்லது. உங்கட மனுசன்ர பேர் என்ன?”

புருஷன் பேரை வாயால் சொல்வாளா? முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாவு முகம்மது எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினாள். அதிகாரி வாங்கிப் படித்தார்.

“கூத்தையா. மன்னார் ஆஸ்பத்திரியில இருக்கிறார். சரி, கொஞ்சம் வெளியில இருங்கோ.”

வெளியே மணற்காற்று முகத்தில் அறைந்தது. உலகம்மாள் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சளிக்கு நல்லதென்று தூதுவளையைக் காயவைத்து இடித்த பொடி அதில் இருந்தது. இன்று கப்பலேறினால் நாளைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். முதலில் என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பாவம், அத்தனை நம்பிக்கை.

ஒரு மணி நேரம் கழித்துச் சேவகன் வந்து கூப்பிட்டான்.

அதிகாரி இப்போது நாற்காலியில் இல்லை, எழுந்து நின்றார். கையில் தந்தித் தாள் ஒன்று.

“இருங்கோ, பிள்ளை” என்றார் மெதுவாக. தாளின் மடிப்பைக்கூடப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தார். “மன்னாரில இருந்து தந்தி வந்திருக்கு. மனசைத் தைரியப்படுத்திக்கொள்ளுங்கோ. இண்டைக்கு விடிய உங்கட மனுசன் காலமாகிட்டார்.”

 உலகம்மாள் அப்படியே தரையில் சரிந்தாள். கூந்தல் அவிழ்ந்தது, இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

“வைகை ஆத்து ஊத்துல வடிச்ச தண்ணி குடிச்ச ராசாவே! பரமக்குடிச் சந்தையில பாத்து எடுத்த சீல கிழியலையே! என்னப் பெத்த அய்யா, அக்கரையில போயி என்ன அந்தரத்துல விட்டுப்புட்டீகளே!”

செத்தவனின் ஊரையும் ஆற்றையும் சொல்லி அழுவதுதான் அந்தப் பக்கத்துப் பெண்களின் வழக்கம். அடிவயிறு எரியும்போது யாராவது யோசித்தா அழுவார்கள்? வாழ வந்த வீடு, வண்டிப்பாதை, குலசாமி கோயில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள்.

அதிகாரி தடுக்கவில்லை. கடைசிவரை அழவிட்டார். வாசலில் நின்ற சேவகன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அழுகை விக்கலாகத் தேய்ந்ததும் அவர் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். “எழுதினீரோ?”

“எழுதிட்டேன், ஐயா. சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம்.”

அனுமதி இல்லை என்ற முத்திரை விசாரணைத் தாளில் விழுந்தது.

அதிகாரி ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து உலகம்மாளிடம் நீட்டினார்.

“அழ வேண்டாம், பிள்ளை. உங்கட மனுசன் உயிரோடதான் இருக்கிறார்.”