மருந்துக் கப்பல்

பட்டினி கிடந்த நாட்டிலிருந்து வந்தவர் மாதிரியே இல்லை அந்த மனிதர். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்துப்பட்டி, ஊதிய கன்னங்கள். பார்த்ததுமே செல்வமலருக்கு எரிச்சலாக வந்தது.

பிளேஸ்டோவில் விடியமுன் எழும்பி, டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் நின்றபடியே வந்து, லண்டனில் அகதி விண்ணப்பக்காரர்களுக்கு மொழிபெயர்க்கிறவள் அவள். உண்மையாகச் செத்துப் பிழைத்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறாள், கதை கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். இவர் இரண்டாவது ரகம் என்று அவளுக்குப் பட்டது.

"பெயர் தியாகராஜா. கொழும்பிலை அரசாங்க உத்தியோகம்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்கார அதிகாரி அதற்கு மேல் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன நடந்தது?" என்றார்.

"மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலை இருந்தவை. மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலை குடுக்க மருந்தில்லை. பிள்ளை செத்துப்போச்சுது. அது தெரிஞ்ச அண்டைக்கு, வேலை நடந்துகொண்டிருக்கேக்கை பாதியிலை எழும்பி வெளியிலை வந்திட்டன். அதுக்குப் பிறகு என்னைத் தேடத் துவங்கீட்டினம்."

ழகரம் பிசகவில்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. நல்லாய்ப் பாடமாக்கிக் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே செல்வமலர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

அதிகாரி சிரித்தார். "வேலையைப் பாதியில் விட்டதற்காகவா தேடினார்கள்? சரி, அதை விடுங்கள். மருந்து இல்லை என்பதே பொய். யுத்தப் பகுதி மக்களுக்கு அரிசி, கோதுமை மா, மருந்து எல்லாம் அரசாங்கம் கப்பலில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. மருந்துக் கப்பல் கரை சேர்ந்தது, ஆஸ்பத்திரிகளுக்கு விநியோகமும் முடிந்தது என்று அந்நாட்டு வானொலியே சொல்லியிருக்கிறது. ஓர் அரசாங்கம் பொய் சொல்லுமா?"

செல்வமலருக்கு இப்போது எரிச்சல் அதிகாரியின் பக்கம் திரும்பியது. அந்தக் கப்பல்களை அவளுக்கும் தெரியும். சாவகச்சேரியில் அவளுடைய தமக்கை ஒரு பனடோல் மாத்திரையை உடைத்து இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தவள். அங்கே கப்பல் கடலில் ஓடியதைவிட வானொலியில் ஓடியதுதான் அதிகம். கப்பல் வந்தது, விநியோகம் முடிந்தது என்று அந்தக் கணீர்க் குரல் சொல்லும்போதெல்லாம் தமக்கை ரேடியோவைப் பார்த்துக் காறித் துப்புவாளாம்.

இதையெல்லாம் சொல்ல அவளுக்கு அந்த அறையில் உரிமை இல்லை. மொழிபெயர்க்கிறவளின் வாய் இரவல் வாய்.

அதிகாரி சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். தியாகராஜா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "தன் நாட்டு வானொலியை இவர் கேட்பதே இல்லையா? கேட்டிருந்தால் இப்படி ஒரு கதையோடு வந்திருக்க மாட்டாரே!"

செல்வமலருக்குப் பொறுமை போய்விட்டது. பிள்ளை செத்தது உண்மையென்றால் இந்த மனிதர் மேசையில் அடித்துச் சொல்ல வேண்டாமா?

"அந்த மருந்துக் கப்பல் செய்தியை ரேடியோவிலை நீங்கள் கேக்கேல்லையோ எண்டு கேக்கிறார், அண்ணை. வாயைத் திறந்து ஏதும் சொல்லுங்கோ. இல்லாட்டித் திருப்பி அனுப்பிப் போடுவினம்."

தியாகராஜா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவ்வளவு நேரமும் பிசகாத குரல் முதல் தடவையாக உடைந்தது.

"அந்தச் செய்தியை நான் கேக்கேல்லை, தங்கச்சி. ரேடியோவிலை வாசிச்சனான்."