எழுத்து இல்லாத பொத்தான்

“இன்னும் எவ்வளவு நேரம், டோட்டோ? அஞ்சு மணிக்கு வேகத் தட்டச்சுத் தேர்வு. என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அது திறக்கும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வேலை போச்சு!”

“பதறாதீங்க, மனாங். விண்டோஸ்ல கம்பைலரை ஏத்தினேன், பாதியில நின்னுச்சு. மேக்ல முழுசா ஏறிட்டு, ஏதோ ஒண்ணைக் காணோம்னு அழுவுது. இப்போ லினக்ஸ்.”

எடெலினுக்கு நெஸ்டர் ‘டோட்டோ’, தம்பி; அவனுக்கு அவள் ‘மனாங்’, அக்கா. அவனுடைய பழுதுபார்க்கும் கடையில் மூன்று கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாங்கி வைத்த பட்சோய் நூடுல்ஸ் சூப் ஆறிப்போயிருந்தது.

மேசையில் கிடந்த, இரு கைக்கும் தனித்தனிப் பாதியாக இருந்த கீபோர்டை எடெலினுக்குச் செய்து கொடுத்தவர் அவள் கணவர் ரோமுலோ. வேறெதிலும் அவள் விரல் ஓடாது. இன்று காலை அதில் E பொத்தான் செத்துவிட்டது.

“அந்தப் பொத்தானை மட்டும் மாத்தக் கூடாதா?”

“உள்ளே கம்பித் தடமே எரிஞ்சு கிடக்கு. E-யை வேற பொத்தானுக்கு மாத்தி, புரோகிராமைப் புதுசா ஏத்தணும். அந்தப் புரோகிராமைத் தயாரிக்கத்தான் இந்தக் கம்பைலர் கூத்தெல்லாம். அண்ணன், ரோமுலோ மனோங்கிட்ட பழைய ஃபைல் இருக்குமே?”

“அவர் கப்பல்ல, நடுக்கடல்ல இருக்கார். மூணு நாளா போன் போகல.”

“அப்ப எந்தப் பொத்தானுக்கு எந்த எழுத்துன்னு நீங்களே சொல்லுங்க.”

எடெலின் கண்ணை மூடி, காற்றில் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“மூலையில இந்தச் சிவப்பு?”

“அதுல எழுத்தே இல்ல. அடிக்கும்போது நான் அதைத் தொடுறதே இல்ல.”

“சரி, காலியா விட்டுடறேன்.”

லினக்ஸ், அனுமதி இல்லை என்று முரண்டு பிடித்தது. நெஸ்டர் அனுமதி கொடுத்தான். அவள் கொண்டை ஊசியை வாங்கி, கீபோர்டின் அடியில் இருந்த ரீசெட் துளைக்குள் குத்தினான். திரையில் வரிகள் ஓடின.

“ஏறிடுச்சு!”

E வந்தது. எடெலின் சிலுவை போட்டுக்கொண்டாள். மணி நாலு ஐம்பது.

அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்கு இருவரும் ஓடினார்கள். கீபோர்டைச் செருகினார்கள். திரை பாஸ்வேர்டு கேட்டது.

எடெலின் சிவப்புப் பொத்தானைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். கட்டம் காலியாகவே இருந்தது.

“என்ன மனாங் பண்றீங்க? பாஸ்வேர்டு போடுங்க.”

“பாஸ்வேர்டு எனக்கு எங்கே தெரியும்? தினம் காலையில சிவப்பை ஒரு தட்டுத் தட்டினா தானா திறந்துக்குமே!”

நெஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“மனாங்... மனோங் பாஸ்வேர்டை அந்தப் பொத்தானுக்குள்ளதான் வச்சிருந்திருக்கார். பத்து நிமிஷம் முன்னாடி நான்தான் அதை அழிச்சேன்.”