ஜோடிக் காப்பு

ஜெசிந்தாவின் வலது மணிக்கட்டில் விரல் வைத்து டாக்டரம்மா நெடுநேரம் நாடி தேடினார். கிடைக்கவில்லை. விரல்நுனிகள் கருத்திருந்தன.

"வலி எவ்வளவு நாளா?"

"மாவு பிசைஞ்சாலே வலிக்கும், டாக்டர். ஆனா கையில போட்டிருக்கிற மருத்துவக் காப்பு தினமும் 'ரெண்டு கையும் சமம்'னுதான் சொல்லும். வேலைக்குக் கள்ளம்னு இவர் கேலி பண்ணுவார்."

கணவன் மரியநேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தக் காப்பு எங்கே?"

அவள் இடது கையை நீட்டினாள்.

"இன்னொன்று?"

மரியநேசன் தன் கையைக் காட்டினான். "கல்யாணத்துக்கு அக்கா கொடுத்தது. ஒரே பெட்டியில ரெண்டு இருந்துச்சு. ஜோடி வாட்ச் மாதிரி ஆளுக்கொண்ணு போட்டுக்கிட்டோம்."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒரே ஆள் போடணும். ஒரு கையோட இன்னொரு கையை ஒப்பிட்டுத்தான் அது ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டுபிடிக்கும். இத்தனை நாளும் உங்க கையையும் அவங்க கையையும் ஒப்பிட்டிருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு ஸ்டென்ட் போதும். இப்போ விரல்கள் மிஞ்சுமான்னு சொல்ல முடியலை."

மரியநேசன் தன் காப்பைக் கழற்றி அவளுடைய வலது கையில் மாட்டினான். அவசரத்தில் கொக்கி அவள் தோலைக் கவ்விவிட்டது. அவன் பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தான்.

அவளுக்குத் தெரியவே இல்லை.